வரைந்தவர் பெயரில் அடுக்கிய கடை

திருகோணமலையில் பழைய காமிக்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இனி என்னிடம் ஒரே பதில்தான். நேற்றோடு நான்கு தடவை போய்வந்துவிட்டேன். இனியும் எழுதாமல் இருந்தால் அந்தக் கடைக்குச் செய்யும் அநியாயம்.

ஏகாம்பரம் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கை. பச்சைப் படலை போட்ட பழைய ஓட்டு வீடு. அதன் முன்விறாந்தையும் அதையொட்டிய ஒரு அறையும்தான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. நான் இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் பெயர்ப்பலகை எழுதிச் சாப்பிடுகிறவன், ஆகையால் முதலில் கண்ணில் பட்டதே அதுதான். கடைக்காரர் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். எல்லோரும் சேர் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

முதல் தடவை அக்காவின் மகளோடு போனேன். ஆறாம் ஆண்டு படிக்கிறாள், ஓகஸ்ட் விடுமுறை. ஸ்பைடர்மேன் படம் ஒன்றையும் விடாமல் பார்த்தவள். உள்ளே கால் வைத்ததும் கேட்டாள்.

"சேர், ஸ்பைடர்மேன் எங்க இருக்கு?"

"ஸ்டீவ் டிட்கோவுக்குக் கீழ பாருங்கோ பிள்ளை. ஜன்னல் பக்கம், ரெண்டாவது தட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, அது ஆர்?"

இந்தக் கடையில் சூப்பர்மேன் தட்டு, பேட்மேன் தட்டு என்று எதுவும் இல்லை. சூப்பர்மேனுக்கு ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று ஒரு தட்டு. பேட்மேனுக்குப் பில் ஃபிங்கர் என்று ஒன்று. ஹல்க், கேப்டன் அமெரிக்காவை வரைந்த ஜாக் கிர்பிக்கு மட்டும் மூன்று தட்டு. உருவாக்கியவர்களின் பெயரில்தான் எல்லாம் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு புத்தகமும் பொலித்தீன் உறையில், உள்ளே ஒரு துண்டுக் காகிதம். அதில் சேரின் கையெழுத்தில் நான்கு வரி: கதை, பென்சில், மை, எழுத்து. கதை எழுதியது யார், பென்சிலால் வரைந்தது யார், அதன் மேல் மை போட்டது யார், வசனத்தையும் தலைப்பையும் எழுத்தாக எழுதியது யார். நான்காவது வரியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டேன். எழுத்து எழுதுகிறவனுக்கு ஒரு வரி ஒதுக்கிய கடையை என் வாழ்நாளில் இப்போதுதான் காண்கிறேன்.

ஐரா ஷ்நாப் என்ற பெயரை அங்கேதான் அறிந்தேன். சூப்பர்மேன் என்ற தலைப்பெழுத்தை 1940 இல் திருத்தி எழுதியவர் அவர். முதலில் ஷஸ்டர் எழுதியதையும் ஷ்நாப் எழுதியதையும் சேர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஷஸ்டருடையதில் யோசனை இருக்கிறது, ஆனால் எழுத்துக்கள் ஒன்றோடொன்று பாரம் ஒத்துப்போகவில்லை. ஷ்நாப்பின் கையில் அதே எழுத்து வளைந்து நெஞ்சை நிமிர்த்துகிறது. பக்கவாட்டுத் தடிப்பு எல்லா எழுத்திலும் ஒரே புள்ளியை நோக்கிப் போகிறது. கல்லில் வெட்டியது மாதிரி. அந்த வளைவில் நிழல் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று பலகையில் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

சீகலும் ஷஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், இருவரும் 1914 இல் பிறந்தவர்கள். ஒருவன் எழுதுவான், மற்றவன் வரைவான். 1932 இல் சீகலின் தகப்பன், தன் துணிக்கடைக்குள் திருடர் புகுந்த நேரத்தில் விழுந்து இறந்துபோனார். அடுத்த வருடம் அந்தப் பொடியன்கள் இருவரும் தாங்களே அச்சிட்ட ஒரு சிறு சஞ்சிகையில் சூப்பர்மேன் என்ற பெயர் முதன்முதலாக வருகிறது. ஆனால் அவன் நல்லவன் இல்லை. மொட்டைத் தலை, மற்றவர்களின் மனதுக்குள் புகும் சக்தி, உலகத்தையே ஆளும் ஆசை. அதாவது முதல் சூப்பர்மேன் வில்லன். பிறகுதான் அவனைத் திருப்பி, மேலங்கி போட்டு, குண்டு துளைக்காத உடம்பு கொடுத்து, ஏழைகளின் பக்கம் நிறுத்தினார்கள். பத்திரிகை நிறுவனங்கள் வருடக்கணக்காகத் திருப்பி அனுப்பின. கடைசியில் 1938 இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் பதின்மூன்று பக்கம் வந்தது. விலை 10 சதம். அட்டையில் அவன் ஒரு காரைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறையில் அடிக்கிறான்.

அந்தப் பாத்திரத்தின் முழு உரிமையும் அவர்கள் விற்றது 130 டொலருக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து. அந்த முதல் இதழின் ஒரு பிரதி 2024 இல் 6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. சேர் இந்த இரண்டு தொகையையும் சீகல் தட்டின் விளிம்பில் எழுதி ஒட்டியிருக்கிறார், வேறு ஒரு விளக்கமும் இல்லாமல். 1947 இல் வழக்குப் போட்டார்கள். கொஞ்சம் பணம் கிடைத்தது, கதைகளிலிருந்து இருவரின் பெயரும் எடுக்கப்பட்டது. பெயர் திரும்பி வந்தது 1975 இன் கடைசியில், ஆளுக்கு வருடம் 20,000 டொலர் ஓய்வூதியத்தோடு. அதற்கும் மற்ற ஓவியர்கள் வெளியே வந்து சத்தம் போட வேண்டியிருந்தது.

இனி நான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். சீகல் தட்டின் கடைசியில், இந்த அமெரிக்கப் புத்தகங்களுக்கு நடுவே, சிவகாசியில் அச்சான பழைய லயன் காமிக்ஸ் சில இருந்தன. ஸ்பைடர் கதைகள். எண்பதுகளில் வாசித்த எங்கள் ஆட்களுக்கு ஸ்பைடர் என்றால் சிலந்தி மனிதன் இல்லை. கறுப்பு உடுப்பு, கூரான காது, வலைத் துப்பாக்கி வைத்திருக்கும் அந்தக் குற்றச் சக்கரவர்த்தி. முதலில் கொள்ளைக்காரன், பிறகு கொள்ளைக்காரர்களை அடக்குகிறவன். பள்ளிக்கூடப் பொடியனாக இருந்தபோது அண்ணாவின் மெத்தைக்குக் கீழே இருந்து களவாய் எடுத்து வாசித்தவன் நான். இந்தியாவிலிருந்து ஒரு புத்தகம் இங்கே வந்தால் பத்து வீடு சுற்றும், அட்டை இல்லாமல்தான் எங்கள் கைக்கு வரும்.

"சேர், இது பிழையான தட்டில இருக்கு" என்றேன்.

"பிழை இல்லை தம்பி. துண்டை வாசியுங்கோ."

கதை: முதலில் டெட் கோவன், பிறகு ஜெர்ரி சீகல். வரைந்தவர் ரெக் பன். லண்டனில் வந்த 'லயன்' என்ற வாரப் பத்திரிகைக்காக அறுபதுகளில் எழுதப்பட்டது. சூப்பர்மேனைப் பெற்ற மனிதன், சொந்த நாட்டில் அந்தப் பிள்ளையின் மேல் தன் பெயர் இல்லாமல் இருந்த காலத்தில், கடல் கடந்து ஒரு இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். அது சிவகாசியில் தமிழாகி, ராமேஸ்வரம் தாண்டி, எங்கள் வீட்டு மெத்தைக்குக் கீழே வந்து கிடந்திருக்கிறது. நாற்பது வருடமாக நான் சீகலை வாசித்தவன் என்பது எனக்கே தெரியாது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேச முடியவில்லை. வேறு எந்தக் கடையிலும் அந்தப் புத்தகம் தமிழ்ப் புத்தகங்களோடு ஒரு மூலையில் கிடந்திருக்கும், எனக்கு இது தெரியவே வந்திராது.

பில் ஃபிங்கர் தட்டின் முன்னால் நின்றபோது எனக்கு வேறு ஒரு வலி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எட்டடி நீளத்தில் ஒரு பலகை எழுதிக் கொடுத்தேன். ஒரு பெரிய இறால் எழுத்துக்களுக்குள் புகுந்து வளைந்து வரும். பதினொரு நாள் வேலை. வலது மூலையில் நகம் அளவில் என் பெயர். அடுத்த வருடம் அதைப் படம் பிடித்து, பிளாஸ்டிக்கில் பிரிண்ட் அடித்து, இன்னொரு கிளைக்கும் மாட்டினார்கள். மூலையை மட்டும் வெட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது இப்போதும் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

பேட்மேன் வந்தது 1939 மே மாதத்து 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27 ஆவது இதழில். பாப் கேன் என்ற ஓவியர் முதலில் கீறிக்கொண்டு வந்தது சிவப்பு உடுப்பு, விறைப்பான இரண்டு இறக்கை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. அதைப் பார்த்து, இறக்கைக்குப் பதில் மேலங்கி, காது வைத்த முழு முகமூடி, கையுறை, இருண்ட நிறம் என்று சொன்னவர் ஃபிங்கர். புரூஸ் வேய்ன் என்ற பெயரும், கோதம் என்ற நகரத்தின் பெயரும் அவருடையவை. முதல் கதையை எழுதியவரும் அவரே. ஆனால் ஒப்பந்தம் கேனின் பெயரில். ஃபிங்கர் 1974 இல் இறந்தார். பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று அவர் பெயரை அதிகாரபூர்வமாகப் போடத் தொடங்கியது 2015 இல். மருமகள் விரல் விட்டு எண்ணினாள். "நாற்பத்தொரு வருசம் மாமா" என்றாள்.

இந்தத் தட்டில்தான் பேட்மேனின் வில்லன் ஜோக்கரும் இருக்கிறான். 1940 இல் பேட்மேன் பெயரில் வந்த முதல் இதழின் மறுபதிப்பு ஒன்று இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஜெர்ரி ராபின்சன் என்ற இளம் ஓவியர் சீட்டுக்கட்டு ஜோக்கர் படத்தோடு வந்ததாகவும், ஃபிங்கர் 1928 இல் வந்த ஒரு ஊமைப்படத்தின் போட்டோவைக் கொண்டுவந்ததாகவும் சொல்வார்கள். கொன்ராட் வைட் என்ற நடிகர், சிரிப்பு முகத்தில் நிரந்தரமாக வெட்டப்பட்ட ஒரு மனிதனாக நடித்த படம் அது. யார் முதலில் என்று கேனும் ராபின்சனும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்த இதழிலேயே ஜோக்கர் செத்துப்போவதாக எழுதியிருந்தார்கள். விட்னி எல்ஸ்வொர்த் என்ற ஆசிரியர்தான் இவனை வீணாக்க வேண்டாம் என்று கடைசியில் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி உயிரோடு விட்டவர். அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தால், அவசரமாகச் சேர்த்த சங்கதி என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

கிர்பியின் தட்டுகளில் நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன். ஹல்க் 1962 இல் முதல் இதழில் சாம்பல் நிறம், அச்சில் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் இரண்டாவது இதழில் பச்சையாக்கினார்கள். வர்ணம் கலக்கிறவன் என்ற முறையில் நம்புகிறேன், சாம்பல்தான் நிறங்களில் மிகவும் சொல்வழி கேளாதது. ஆனால் கிர்பியும் ஜோ சைமனும் செய்த கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழைக் கட்டாயம் பாருங்கள். அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்து விழுகிறது. அந்த இதழிலேயே சிவப்பு மண்டையோடு என்ற வில்லனும் வருகிறான். அட்டையில் 1941 மார்ச் என்று இருந்தாலும் கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா அப்போது யுத்தத்தில் இறங்கவில்லை. சைமனும் கிர்பியும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிரட்டல் வந்தும் நிறுத்தவில்லை.

ஒரு வருடம் கழித்து அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது. அதற்கு நான்கு மாதத்தில், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி, ஜப்பானியக் குண்டு எங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் விழுந்தது. அம்மம்மா அப்போது எட்டு வயசுப் பிள்ளை. கோணேசர் மலைப் பக்கம் வானம் கறுத்ததையும், அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டு ஓடியதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு அது தூரத்து நாட்டுப் புத்தகமாகத் தெரியவில்லை.

சரி, டிட்கோ. ஸ்பைடர்மேன் 1962 ஓகஸ்ட் மாதத்து 'அமேசிங் ஃபேண்டசி' 15 இல் வந்தவன், எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் டிட்கோ. சேர் பெரிய எழுத்தில் டிட்கோ என்றும் அதன் கீழே சின்ன எழுத்தில் லீ என்றும் போட்டிருக்கிறார். காரணம் சொன்னார். அதை வெளியிட்ட மார்வல் நிறுவனத்தில் லீ கதையைச் சுருக்கமாகச் சொல்வார், ஓவியர் இருபது பக்கத்தையும் தானே யோசித்து வரைந்து கொண்டுவருவார், பிறகு லீ வசனம் நிரப்புவார். 1965 இலிருந்து கதைத் திட்டமும் டிட்கோ என்று புத்தகத்திலேயே அச்சிட்டார்கள். இருந்தாலும் இதில் சேரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாடகை கட்டக் காசில்லாத, முகமூடிக்குள்ளே தன்னோடு தானே புலம்புகிற அந்தப் பொடியனின் பேச்சு லீயுடையது. அந்தப் பேச்சு இல்லாமல் அவன் எங்களுக்கு இவ்வளவு கிட்ட வந்திருக்க மாட்டான். இரண்டு பெயரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சொன்னேன்.

"லீயின்ர பேரை உலகமே சொல்லுது தம்பி. என்ர தட்டில இடம் காணாது" என்றார்.

மருமகளுக்கு அவர் எடுத்துக் கொடுத்தது 33 ஆவது இதழ், 1966. மறுபதிப்புத்தான். ஸ்பைடர்மேன் ஒரு ராட்சத இயந்திரத்துக்குக் கீழே நசுங்கிக் கிடக்கிறான். கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. மாமியின் உயிரைக் காக்கும் மருந்து கண்முன்னே, கைக்கு எட்டாத தூரத்தில். முதல் பக்கங்களில் அவன் அசைய முயல்கிறான், முடியவில்லை. முயல்கிறான், முடியவில்லை. பக்கத்தைப் புரட்டப் புரட்ட கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. பிறகு ஒரு முழுப் பக்கம், ஒரே படம்: இயந்திரம் மேலே, அவன் நிமிர்ந்து நிற்கிறான். இந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. விறாந்தைச் சீமெந்தில் சம்மணம் கட்டியிருந்து, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டினாள். அந்த முழுப் பக்கம் வந்ததும் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். போன் நினைவே அவளுக்கு இல்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. பெரும்பாலும் மறுபதிப்புத் தொகுப்புகள்தான், அசல் பழைய இதழ் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தொகுப்பு 2,500 இலிருந்து 4,000 ரூபா வரை. எண்பது, தொண்ணூறுகளின் தனி இதழ்கள் 600 இலிருந்து 900. உட்கார்ந்து வாசிக்க ஒரு பின்னேரத்துக்கு 150, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காசு இல்லை. லயன், முத்து, ராணி என்ற தமிழ்க் காமிக்ஸ் எதையும் விற்க மாட்டார், வாசிக்க மட்டும்.

குறையும் சொல்லவேண்டும். நான் முதலில் வாங்கிய தனி இதழில் கடைசி இரண்டு தாள் இல்லை. கொண்டுபோனதும் மாற்றித் தந்தார், ஆனாலும் விற்கும் முன் பார்த்திருக்கலாம். எந்தப் புத்தகம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இல்லை, எல்லாம் சேரின் தலைக்குள். மழைக்காலத்தில் அந்த அறை ஈரம் காக்கும். உப்புக்காற்றுக்கு ஸ்டேப்பிள் துருவேறி, நடுப்பக்கத்தில் இரண்டு மண்ணிறப் பொட்டு விழுகிறது. சேர் இப்போது ஒவ்வொன்றாகக் கம்பியைக் கழற்றி, அதே துளைகளுக்குள்ளால் மெழுகு தடவிய வெள்ளை நூலைக் கோத்துக் கட்டுகிறார். மூன்றாவது தடவை போனபோது நூலைப் பிடித்துக் கொடுத்தேன். ஊசியைக் காகிதத்துக்கு நேர்க்குத்தாகத்தான் இறக்குவார், சரிந்தால் மடிப்பில் கிழியும். ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம். ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன், முடித்தது கால்வாசிதான்.

பெரிய குறை வொண்டர் வுமன். ஒரேயொரு மெல்லிய புத்தகம், அதுவும் கிர்பி தட்டின் ஓரத்தில் அநாதையாக. அவளை 1941 இல் உருவாக்கியவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், மனோதத்துவக்காரர். பொய் சொல்லும்போது இரத்த அழுத்தம் ஏறுவதை அளந்து பார்த்தவர். அவள் கையில் உண்மை பேச வைக்கும் கயிறு இருப்பது அதனாலேயே பொருத்தமாக இருக்கிறது. வரைந்தவர் எச். ஜி. பீட்டர். அவர்களுக்கு ஒரு தட்டு இல்லாதது சரியில்லை என்று மருமகளே சேரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. "புத்தகம் கிடைச்சால் தட்டு நான் அடிக்கிறன் பிள்ளை, பேரை உங்கட மாமா எழுதட்டும்" என்றார். ஆகவே யாரிடமாவது வொண்டர் வுமன் பழைய புத்தகங்கள் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள், நியாயமான விலை தருவார்.

பலகைத் துண்டு வெட்டி, வெள்ளை அடித்து, காய வைத்திருக்கிறேன். மார்ஸ்டன், பீட்டர் இரண்டையும் ஒரே உயரத்தில் வரும்படி மருமகள் பென்சிலால் கோடு போட்டுவிட்டாள். சனிக்கிழமை கொண்டுபோகிறோம்.

கடை செவ்வாய் தவிர எல்லா நாளும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஏழரை வரை. படலையைத் தட்டினால் உள்ளே கேட்காது, சைக்கிள் மணியை அடியுங்கள்.